வாணி விழாவுக்கு வைத்த டிஸ்க்

எங்கள் அலுவலகத்தின் மெயில் சேர்வர் குளியலறையில் இருந்தது. சுண்டுக்குளிப் பக்கம் வாடகைக்கு எடுத்த பழைய வீடு. குளிரூட்டி பூட்டக்கூடிய சின்ன அறை அது ஒன்றுதான் என்று சொல்லி, கொமட்டைக் கழற்றி, தண்ணீர்க் குழாயின் வாயை அடைத்து, சேர்வரைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார்கள். அடைத்த குழாய் கசிந்துகொண்டே இருக்கும். கீழே ஒரு வாளி வைத்திருந்தேன். காலையிலும் பின்னேரமும் அந்த வாளியை ஊற்றுவதும் என் உத்தியோகத்தில் அடக்கம். நியமனக் கடிதத்தில் மட்டும் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று வடிவாகப் போட்டிருந்தது.

காங்கேசன்துறைப் பக்கம் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போன சனங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் அலுவலகம் அது. பொறியியலாளர் ஒவ்வொரு வீட்டையும் அத்திவாரம், கதவு யன்னலுக்கு மேலே வார்க்கிற லிண்டல், கூரை என்று படம் எடுப்பார். எடுத்ததை அப்படியே, சிறிதாக்காமல், எட்டுப் பேருக்கு மெயிலில் அனுப்புவார். ஒரு வீட்டுக்கு ஒரு அத்திவாரம்தான். என் சேர்வரில் அதற்கு எட்டு அத்திவாரம். கொழும்பிலிருந்த பணிப்பாளர் "நன்றி" என்ற ஒரு சொல்லை எழுதி, அந்த எட்டுப் பேருக்கும் படத்தோடு திருப்பி அனுப்புவார். நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பேன்.

திங்கட்கிழமை தோறும் எல்லோருக்கும் ஒரு மெயில் போடுவேன். இடம் போதாது, தயவுசெய்து பழையவற்றை அழியுங்கள் என்று. ஒருவரும் அழிக்கமாட்டார்கள். அந்த மெயிலும் வாசிக்கப்படாமல் எல்லா மெயில் பெட்டியிலும் கிடந்து இடம் பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேர்வரை மாற்றுகிற பெரிய கொம்பனிகளைப் பற்றி வாசித்து வாசித்து வயிறெரிவேன். எங்களுடையது யாரோ பாவித்துக் கழித்தது. காப்புப் பிரதி எடுக்க ஒரேயொரு வெளி டிஸ்க், உள்ளங்கை அகலத்தில். இன்னொன்று கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் பெட்டிகளை அளந்து பார்த்தேன். பொறியியலாளருக்கு அடுத்தபடியாகப் பெரிய பெட்டி முன் மேசையில் இருந்த அக்காவுடையது. குருநகர்க்காரி. தட்டச்சு, தொலைபேசி, வருகிறவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுப்பது எல்லாம் அவர்தான். ஒரு நாளைக்கு நாலு மெயில் எழுதாத ஆளுக்கு இவ்வளவு பெரிய பெட்டி ஏன் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே போனேன்.

"அக்கா, உங்கடை பெட்டியிலை பழசுகளை அழியுங்கோ. வருசக்கணக்காக் கிடக்கு."

"அழிக்கேலாது தம்பி."

"ஏன் ஏலாது? உது ஒஃபீஸ் மெயில். சொந்தக் கடிதம் சேர்த்து வைக்கிற பெட்டி இல்லை."

"ஓம், தெரியும். ஆனா அது என்ரை மகன் எழுதினது."

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது போல. ஒரே பிள்ளை. தகப்பன் முன்னமே இல்லை. இந்தோனேசியா போய், அங்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறியவன். கடல் எங்களுக்குப் பழகினதுதானே, பயப்படாதையுங்கோ என்று எழுதியிருந்தான். நாளைக்கு வெளிக்கிடுறம், போய்ச் சேர்ந்த உடனை எழுதுறன் என்பது கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. படகைப் பற்றியும் இல்லை, ஆட்களைப் பற்றியும் இல்லை. அக்காவுக்கு அந்த நாட்களில் வீட்டில் கணினியும் இல்லை, நல்ல போனும் இல்லை. அதனால் அவன் எழுதியதெல்லாம் அலுவலக முகவரிக்குத்தான் வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த நூற்றுச்சொச்சம் கடிதங்கள், படங்கள், இரண்டு குரல் பதிவுகள்.

ஒன்றைப் போட்டுக் காட்டினார். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தம். யாரோ இருமுகிறார்கள். பிறகு ஒரு பெடியனின் குரல்: "அம்மா, கேக்குதோ? இது கேக்குதோ?" அவ்வளவுதான். அதோடு நின்றுவிட்டது.

"இதுகளை அச்சடிச்சு வைக்கலாமே அக்கா" என்றேன்.

"கடுதாசியிலை எடுத்தா முடிஞ்சுபோன மாதிரி இருக்கும் தம்பி. இஞ்சை கிடந்தா, இன்னும் ஒண்டு வரும் போலை இருக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டால் எனக்கு வாய் நீளும். சேர்வர் எரிந்தாலும் பரவாயில்லை, நான் ஒவ்வொரு நாளும் டிஸ்கில் பிரதி எடுக்கிறேன், மகனுடைய கடிதங்களுக்கு ஒன்றும் வராது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். குளியலறைக்குக் கூட்டிப்போய் அந்த டிஸ்கையும் காட்டினேன். அதன் பச்சை வெளிச்சம் மினுங்குவதை அவர் குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து அவரிடம் பழசுகளை அழியுங்கோ என்று நான் கேட்டதில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

அந்த வருடம் வாணி விழாவுக்கு ஆயத்தமானோம். எங்கள் பக்கம் அலுவலகம் என்றால் நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் வாணி விழா இல்லாமல் இராது. முன் அறையில் சரஸ்வதி படம் வைத்து, கும்பம் வைத்து, பேரேடுகள், பேனைகள், பொறியியலாளரின் அளவு நாடா என்று தொழில் சாமான் எல்லாவற்றையும் படியில் அடுக்குவோம். வைத்ததை விஜயதசமி பூசை முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. அவலும் கடலையும் தின்று, மெயில் மட்டும் பார்த்துக்கொண்டு இருப்போம். அக்கா வேதக்காரி என்றாலும் பூக்கட்டுவதும் கடலை அவிப்பதும் எப்போதும் அவர் கைதான்.

"உம்மடை சாமான் ஒண்டும் வைக்கேல்லையே?" என்று கேட்டார்.

"என்னத்தை வைக்கிறது? சேர்வரைத் தூக்கி வைக்கேலாதே."

"அந்தச் சின்ன டிஸ்கை வையுமன். என்ரை பிள்ளையின்ரை கடிதமும் அதுக்குள்ளைதானே. எங்கடை அந்தோனியார் எந்த நாளும் பாக்கிறார், மூண்டு நாளைக்கு உங்கடை சரஸ்வதியும் பாக்கட்டும்."

மறுத்திருக்கலாம். மறுக்கத் தோன்றவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அது பிடித்திருந்தது. பூசைக்கு வைக்கிற சாமானைத் துடைத்துத் துப்புரவாக வைக்க வேண்டும் என்பதும் ஊறிப்போன பழக்கம். அந்த டிஸ்க் ஏற்கெனவே முட்டிப்போய் இருந்தது. முழுப் பிரதி ஒன்றுக்கு மேல் கொள்ளாது. எப்படியும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டிய நேரம். விஜயதசமி அன்று ஏடு தொடக்குகிற மாதிரி நானும் புதுப் பிரதியைத் தொடங்கினால் நல்லது என்று நினைத்தேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். டிஸ்கை முழுதாக, ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தேன். வழக்கத்தில் மேலோட்டமாகத்தான் அழிப்பேன். அப்படி அழித்தால் தேவைப்படும்போது ஏதாவது மீட்கலாம். அன்றைக்கென்று பக்தி வந்து, அரை நாள் செலவழித்து, அடிவரை சுரண்டினேன். பிறகு சேர்வரில் இருந்து கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, படியில் வைத்தேன். அக்கா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

தானாக ஓடிப் பிரதி எடுக்கிற கணினி நிரலை நிறுத்த மறந்துவிட்டேன். அது நான் எழுதிய நிரல். டிஸ்க் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற புத்தியை நான் அதற்குக் கொடுக்கவில்லை. அது தன் நேரத்துக்கு ஓடியது. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை என்றதும், டிஸ்கின் பெயரிலேயே சேர்வருக்குள் ஒரு கோப்புறையை உண்டாக்கி, எல்லாக் கடிதத்தையும் அதற்குள் இன்னொரு தரம் எழுதியது. எழுதிவிட்டு, பிரதி எடுத்தாயிற்று என்று பதிவேட்டில் குறித்தும் வைத்தது.

விஜயதசமி காலை நான் வந்தபோது சேர்வர் மூச்சு முட்டிக் கிடந்தது. ஒரு மெயில் உள்ளே வரவில்லை, ஒன்று வெளியே போகவில்லை. முன் அறையில் பூசைக்கு வெளிக்கிடுகிறார்கள். கொழும்பிலிருந்து பணிப்பாளர் தொலைபேசியில். வெளிநாட்டிலிருந்து அவசரமான ஒரு கடிதம் வர இருக்கிறதாம், என்ன செய்துகொண்டிருக்கிறாய், கடலை தின்கிறாயா என்று கேட்டார். அந்தக் கடலைக் கதைதான் என்னைக் கெடுத்தது. இந்த எட்டு அத்திவாரங்களையும் அனுப்புகிறவர்களுக்காக நான் ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று ஆத்திரம். பதிவேட்டைத் திறந்தேன். பிரதி எடுத்தாயிற்று என்று இருந்தது. நல்லது, எல்லாம் டிஸ்கில் இருக்கிறது, இனி இங்கே என்ன இருந்தாலும் துடைக்கலாம். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட கடிதங்களை எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒரே கட்டளையில் அழித்தேன். அக்காவின் பெட்டியிலிருந்தும்தான். தேவையென்றால் டிஸ்கில் இருந்து பின்னேரம் திருப்பிப் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியும் இடம் போதவில்லை. டிஸ்கின் பெயரில் ஒரு பெரிய கோப்புறை கிடந்தது. எப்போதோ சோதித்துப் பார்த்த குப்பை என்று எண்ணி அதையும் அழித்தேன்.

மெயில் ஓடத் தொடங்கியது. இரவு முழுக்க வெளியே காத்துக் கிடந்த கடிதங்கள் எல்லாம் உள்ளே வந்து விழுந்தன. முன் அறையில் தேவாரம் முடிந்து தீபம் காட்டினார்கள். நானும் போய்க் கும்பிட்டேன். கும்பிட்ட கையை எடுக்கும்போதுதான், ஆத்திரத்தில் நான் மறந்துபோனது கண்ணில் பட்டது. பேரேட்டுக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில், குங்குமப் பொட்டோடு, வயர் இல்லாமல் அந்த டிஸ்க்.

மூன்று நாள் முயன்றேன். அழித்ததை மீட்கும் மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். டிஸ்கில் ஒரு துளி இல்லை. சேர்வரில் அந்தக் கடிதங்கள் இருந்த இடத்தில் புதிதாக வந்தவை குந்தியிருந்தன. மீண்டு வந்த ஒரு கோப்பைத் திறந்தால் பாதிக்கு மேல் சாம்பல் நிறம், மேலே ஒரு கீற்று மட்டும் லிண்டல். அந்தப் பெடியனின் குரல் இருந்த இடத்தில் ஒரு லிண்டல்.

நான் சொல்லவில்லை. அதை மறைத்து எழுத விருப்பமில்லை, நான் கோழை. அக்கா அந்தக் கடிதங்களை நெடுக எடுத்துப் பார்க்கிறவர் அல்ல. வருடத்தில் இரண்டு தரம் மட்டும் பார்ப்பார். ஒன்று மகனின் பிறந்தநாள். மற்றது நவம்பர் தொடக்கத்தில் வருகிற ஆத்துமாக்கள் திருநாள். ஊர்ச்சனம் எல்லாம் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் நாளில் அவர் அலுவலகம் வருவார். போவதற்கு ஒரு கல்லறை வேண்டுமே. விஜயதசமிக்கும் அதற்கும் இடையில் மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் அவர் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை நான் குடித்தேன்.

அன்றைக்கு மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டுத் தன் மேசையில் இருந்தார். நான் குளியலறையில் ஒளிந்திருந்தேன். வாளி நிரம்பவும் இல்லை, ஆனாலும் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கதவடிக்கு வந்தார்.

"தம்பி, பழசு ஒண்டையும் காணேல்லை. கம்பியூட்டர் பிழையோ?"

நான் சொன்னேன். டிஸ்க், கோப்புறை, பதிவேடு எல்லாம் சொன்னேன். பாதி அவருக்கு விளங்கியிராது. விளங்க வேண்டிய பாதி விளங்கியது.

"அப்ப அவன்ரை குரல்?"

"இல்லை அக்கா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நல்லாயிருக்கும் என்று நின்றேன். "நான்தானே வைக்கச் சொன்னனான்" என்று மட்டும் சொன்னார். நிரலை நிறுத்தாதது நான், பாராமல் அழித்தது நான். இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். அவர் காதில் அது ஏறவில்லை. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டேனே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாதது.

பிறகு ஒரு நாள் அவருடைய பெட்டியில் மிச்சம் இருந்தவற்றைப் பார்த்தோம். மகனுக்கு அவர் கடந்த இரண்டு வருடத்தில் எழுதியவை இருந்தன. பிறந்தநாளுக்கு, நத்தார்ப் பண்டிகைக்கு, அந்தோனியார் திருநாளுக்கு. ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் அனுப்பிய ஒரு மறுமொழி. பெட்டி நிரம்பிவிட்டது, உங்கள் கடிதத்தைக் கொடுக்க முடியவில்லை. அதைக் கண்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவன் அனுப்பியது எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி அவனுடைய பெட்டியிலும் இருக்கும். பெட்டி நிரம்பியிருக்கிறது என்றால் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். குரலும் அங்கே இருக்கும்.

கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கப் பார்த்தோம். பிறந்த திகதி, தகப்பனின் வள்ளத்தின் பெயர், படித்த பள்ளிக்கூடம், அந்தோனியார். நாலைந்து தரம் பிழைத்ததும் அது கதவை அடைத்துவிடும். அடுத்த நாள் திரும்பவும் முயல்வோம். அந்தக் கொம்பனிக்கு நான் கடிதம் எழுதினேன். மரண அத்தாட்சிப் பத்திரம் அனுப்பச் சொன்னார்கள். அப்படி ஒரு பத்திரம் எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. எடுத்தால் அவன் செத்துப்போனான் என்று தாயே கையெழுத்து வைத்த மாதிரி ஆகும் என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் வெள்ளி தோறும், கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்து, அவனுக்கு ஒரு வரி எழுதுவார். சாப்பிட்டியோ என்று, மழை பெய்யுது என்று, ஏதாவது. ஐந்து நிமிடத்தில் மறுமொழி வரும். என்னைத் திரும்பிப் பார்த்து, "நிரம்பித்தான் இருக்கு" என்பார். முகத்தில் ஒரு ஆறுதல் தெரியும். நிரம்பிவிட்டது என்ற சொல்லைக் கண்டாலே எரிந்து விழுகிற நான், மாதத்தில் அந்த ஒரு நாள் அதைக் கேட்பதற்காக வேலைக்கு வெள்ளெனப் போவேன். தலைமை அலுவலகம் ஒருவழியாக இரண்டாவது டிஸ்கையும் அனுப்பியிருந்தது. நிரலுக்குப் புத்தியும் எழுதியிருந்தேன். ஒரு கடிதமும் தொலையாமல் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தது. எல்லாம் அத்திவாரமும் லிண்டலும்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு முதல் வெள்ளி, அவர் எழுதி அனுப்பிவிட்டு வழக்கம்போல் காத்திருந்தார். மறுமொழி வந்தது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் வாசித்தார்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாரும். உது நெடுக வாற கடிதம் இல்லை, என்ன?"

போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று இருந்தது. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று நானே அடித்து ஒரு தரம் அனுப்பினேன். அதே மறுமொழிதான் வந்தது.

"கனகாலம் ஆரும் திறக்காட்டி மூடிப்போடுவினம் அக்கா."

"உள்ளுக்கை இருந்ததுகள்?"

"அழிச்சிருப்பினம்."

"ஆர்?"

"கொம்பனிக்காரர்தான். அங்கை இதைப் பாக்கிறதுக்கெண்டு ஆக்கள் இருப்பினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். என்னோடு அவருக்கு அப்போதும் கோபம் இல்லை. முன் மேசைக்கு வருகிறவரை விசாரிக்கிற குரலில்தான் கேட்டார்.

"அங்கையும் உம்மைப்போலை ஒரு தம்பி இருப்பான், என்ன? பாவம், அவனுக்கும் இடம் போதாமல் போயிருக்கும்."

"ஓம் அக்கா" என்றேன்.